இஸ்லாத்துக்குப் போகிறேன், பின்னால் எந்தப் பையனும் இல்லை

கேள்வி: எனக்கு 29 வயது. பாளையங்கோட்டைப் பக்கம், சி.எஸ்.ஐ. குடும்பம். தாத்தா உபதேசியார், அம்மா ஓய்வு பெற்ற மிஷன் பள்ளி டீச்சர். நான் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ், எம்.ஆர்.பி. (அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வுக்கும் படிக்கிறேன். சில வருடங்களாகக் குர்ஆனைத் தமிழில் வாசித்து, யோசித்து, இஸ்லாத்தைத் தழுவ முடிவு செய்துவிட்டேன். காதல் கீதல் எதுவும் இல்லை, ஆனால் அதை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. சொன்ன நாளிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, இன்சுலின் போடுகிறவர்கள். "நீ போனா நான் செத்துப் போவேன்" என்கிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் என் பெயர் ஜெபக்குறிப்பாகிவிட்டது. அப்பா உயில் எழுதாமல் இறந்தார், வீடு அவர் பெயரில்தான் இருக்கிறது. தம்பி, "மதம் மாறினால் உனக்குப் பங்கு கிடையாது, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு" என்கிறான். இதற்கு நடுவில் நாசரேத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்து அடுத்த மாதம் நிச்சயம் என்று முடிவு செய்துவிட்டார்கள். கோர்ட்டில் போய்த்தான் மதம் மாற வேண்டுமா? பெயர் மாற்றணுமா? என் சாதிச் சான்றிதழ் கிறித்தவ நாடார், பி.சி.; அது என்ன ஆகும்? செத்தால் எங்கே அடக்கம் செய்வார்கள்? நீங்கள் எந்த மதம் என்றும் தெரிந்துகொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நான் குடும்ப வழக்குகள் பார்க்கிற வக்கீல், என் மதம் இந்தப் பதிலில் எதையும் மாற்றப்போவதில்லை. உங்கள் முடிவு சரியா தப்பா என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை.

உங்கள் கடிதத்தில் ஏழெட்டு விஷயம் இருக்கிறது, அதில் அவசரமானது ஒன்றே ஒன்று, அதை நீங்கள் கேள்வியாகவே கேட்காமல் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்: அடுத்த மாத நிச்சயம். "இப்போதைக்குத் தலையாட்டிவிடுவோம், அம்மா சாப்பிட்டால் போதும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு யோசனை உங்களுக்குள் ஓடுகிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் நிச்சயத்தை நிறுத்திவிட்டேன் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதை மட்டும் செய்யாதீர்கள். முஸ்லிம் ஆண் ஒரு கிறித்தவப் பெண்ணை மணக்க இஸ்லாம் இடம் கொடுக்கிறது. முஸ்லிம் பெண் கிறித்தவ ஆணை மணக்க இடம் கொடுப்பதில்லை. நீங்கள் கலிமா, அதாவது இஸ்லாத்தை ஏற்கிற உறுதிமொழியை, சொன்ன பிறகு நாசரேத்து மாப்பிள்ளையோடு நடக்கிற கல்யாணம் நீங்கள் நம்பப்போகிற மார்க்கத்தின்படியே செல்லாது. சட்டம் இதில் வேறு மாதிரி. 1872-ஆம் வருட இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டத்துக்கு இரண்டு பேரில் ஒருவர் கிறித்தவராக இருந்தாலே போதும், அதனால் அந்தக் கல்யாணத்தைச் சட்டம் தடுக்காது. பிரச்சினை அதற்கப்புறம்தான் வரும். கல்யாணம் ஆனபின் நீங்கள் மாறினால் திருமணம் தானாக முறிந்துபோகாது. 1869 விவாகரத்துச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, 2001 திருத்தத்துக்குப் பிறகு, வாழ்க்கைத்துணை வேறு மதத்துக்கு மாறிவிட்டதையே விவாகரத்துக்கு ஒரு காரணமாக வைத்திருக்கிறது. ஆக, ஒன்றுமே தெரியாத ஒரு பையன் மூன்று ஞாயிறு சர்ச்சில் திருமண அறிவிப்பான ஓலை வாசித்து, உறவெல்லாம் கூட்டி உங்களைக் கட்டி, அப்புறம் வழக்கு நம்பரோடு குடும்ப நீதிமன்ற வராண்டாவில் வந்து உட்கார வேண்டியதுதான். அந்தப் பையனுக்கு நீங்களே போன் செய்யுங்கள். தம்பி மூலமாகவோ, தரகர் மூலமாகவோ, உங்கள் சபைப் பாதிரியாரான சேகர குரு ஐயர் மூலமாகவோ வேண்டாம். காரணத்தை விளக்க வேண்டியதில்லை, "இந்தக் கல்யாணத்தில் எனக்குச் சம்மதம் இல்லை, உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை" என்றால் போதும். இதை இந்த வாரமே செய்யுங்கள், மற்ற எதற்கும் இவ்வளவு அவசரம் இல்லை.

சரி, கோர்ட்டுக்கு வருவோம். ஒருவரை ஒரு மதத்திலிருந்து இன்னொரு மதத்துக்கு மாற்றிவிடும் அதிகாரி எந்த நீதிமன்றத்திலும் கிடையாது. அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு மனசாட்சிச் சுதந்திரத்தைத் தருகிறது, வயது வந்தவர் என்ன நம்ப வேண்டும் என்று கேட்க தாசில்தாருக்கோ கலெக்டருக்கோ தமிழ்நாட்டில் வேலை இல்லை. 2002 அக்டோபரில் இங்கே ஒரு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் இருந்தது, 2004 மே மாதமே அதைக் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் வேலைக்காக உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், குஜராத் மாதிரி மாநிலங்களுக்குப் போகிற எண்ணம் இருந்தால் அங்கே கதை வேறு. கலெக்டருக்கு முன்கூட்டியே தெரிவிப்பது, அனுமதி வாங்குவது என்று சட்டங்கள் இருக்கின்றன, மீறினால் வழக்கு. நீங்கள் சென்னையில் இருக்கிறீர்கள், அதனால் இதை இத்தோடு விடலாம்.

வீட்டில் யாராவது "போலீஸில் சொல்லி உன்னைக் கூட்டிவருவோம்" என்று மிரட்டினால் ஹாதியா வழக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வைக்கத்தைச் சேர்ந்த இந்துப் பெண், சேலத்தில் ஓமியோபதி படித்தவர், இஸ்லாத்துக்கு மாறி ஒரு முஸ்லிமைக் கல்யாணமும் செய்துகொண்டார். அப்பா நீதிமன்றம் போனார், 2017 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் அந்தக் கல்யாணத்தையே ரத்து செய்து அவரைப் பெற்றோர் வீட்டுக்கு அனுப்பியது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கிப்போட்டது: வயது வந்த பெண் எந்த மதத்தில் இருக்கிறாள், யாரைக் கட்டிக்கொள்கிறாள் என்பது அவள் முடிவு. உங்களுக்கு 29 வயது, சொந்தச் சம்பளம், பின்னால் ஒருவரும் இல்லை. "காணவில்லை" என்று தம்பி ஒரு புகார் கொடுத்தால்கூட, போய் "நான் இங்கேதான் இருக்கிறேன், என் விருப்பத்தில் இருக்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் முடிந்தது. அதற்காக விடுதியைக் காலி செய்துவிட்டு யாருக்கும் தெரியாத இடத்துக்குப் போக வேண்டாம். நம் ஊரில் ஒரு பெண் காணாமல் போனால்தான் கதை கட்டுவார்கள், கண் முன்னால் நைட் டியூட்டி பார்த்துக்கொண்டிருக்கிற பெண்ணைப் பற்றி எவ்வளவு நாள் கட்ட முடியும்?

கலிமா சொல்வதற்குக்கூட ஒரு ஹஜ்ரத்தோ பள்ளிவாசலோ இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நம்பி, அர்த்தம் தெரிந்து சொன்னால் அதுதான். ஞானஸ்நானத்துக்கு ஐயரும், பதிவேடும், திடப்படுத்தலுக்குப் பிஷப்பும் வேண்டும் என்று வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் வெறுமையாகக்கூடத் தெரியும். பள்ளிவாசலில் சாட்சிகள் முன்னால் சொல்வது பெரும்பாலும் சான்றிதழுக்காக. அந்தச் சான்றிதழ் உங்களுக்கு ஒரு நாள் தேவைப்படும்: கெஜட், உம்ரா என்கிற மக்கா யாத்திரை, நிக்காஹ், அடக்கம் எல்லாவற்றுக்கும் யாராவது ஒருவர் அதைக் கேட்பார். ஜமாஅத்திலோ காஜியிடமோ முறையாக வாங்குங்கள். கோர்ட் வாசலில் முத்திரைப் பத்திரத்தில் "மதமாற்ற அஃபிடவிட்" அடித்து நோட்டரி முத்திரை குத்திக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். உங்கள் வாக்குமூலத்துக்கு அது ஒரு சான்று, அவ்வளவுதான், அதை வைத்து ஒரு அலுவலகமும் முழுசாக எதையும் செய்துவிடாது.

அப்புறம், பள்ளிவாசலில் சிலர் அன்பாகவே ஒரு வேலை செய்வார்கள், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். நீங்கள் கலிமா சொல்வதை வீடியோ எடுத்துப் போடுவது. சர்ச்சில் சாட்சி சொல்ல மேடை ஏற்றுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதே ஆசைதான் இங்கேயும். அந்த வீடியோ அன்று சாயங்காலமே உங்கள் அம்மா போனுக்கு வந்து சேரும், பிறகு நீங்கள் என்ன பேசினாலும் அவர்கள் காதில் ஏறாது. உங்கள் ஊர்ப்பக்கம் இது இன்னும் பெரிதாகும். தென்காசி அருகே மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரியில் நூற்றுக்கணக்கான தலித் மக்கள் இஸ்லாத்துக்கு மாறியது டெல்லி வரைக்கும் போய் அமைச்சர்களும் தலைவர்களும் வரிசையாக ஊருக்கு வந்த கதை. உங்களுடையதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஆனாலும் திருநெல்வேலியில் "இஸ்லாத்துக்கு மாறிட்டா" என்ற பேச்சு வந்தால் வயதானவர்கள் வாயில் அந்த ஊர்ப் பெயர் வந்துவிடும். படம் வேண்டாம், பேட்டி வேண்டாம். படிக்க வேண்டும் என்றால் பெண்கள் மதரஸாவில் சேருங்கள். நம் பக்கத்துப் பள்ளிவாசல்கள் பலவற்றில் பெண்கள் தொழ இடமே இருக்காது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், முதல் முறை வாசலில் போய் நின்று தெரிந்துகொண்டால் வலிக்கும்.

இன்னொன்றும் நடக்கும். கலிமா சொன்ன அந்த வாரமே "மார்க்கத்துக்கு வந்த பெண்" என்று வரன் வர ஆரம்பிக்கும். நல்ல மனதோடு கொண்டுவருகிறவர்கள் உண்டு. ஏற்கெனவே ஒரு மனைவி இருப்பதை இரண்டாவது சந்திப்பில் சொல்கிறவர்களும் உண்டு. உங்கள் பக்கத்தில் பேச அப்பா இல்லை, தம்பி கிறித்தவர் என்பதால் நிக்காஹில் வலியாக (பெண்ணின் பாதுகாவலராக) நிற்க முடியாது, அந்த இடத்தில் காஜியோ இமாமோதான் நிற்பார். எனவே குறைந்தது ஒரு வருடத்துக்குக் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னால் இன்னொரு லாபமும் உண்டு, "பையன் யாரும் இல்லை" என்று நீங்கள் சொன்னதற்கு அந்த ஒரு வருடமே சாட்சி. வாயால் எவ்வளவு சொன்னாலும் உங்கள் தம்பி நம்பப்போவதில்லை.

இனி அம்மா. இதில் நான் மனநல மருத்துவர் இல்லை, ஆனால் பல குடும்பங்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். முதலில் உடம்பு. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவர்கள் உங்கள் பேச்சை இப்போது கேட்கமாட்டார்கள், எனவே கேட்கக்கூடிய ஒருவரை, பெரியம்மாவோ, கூட வேலை பார்த்த டீச்சரோ, உங்கள் சபையிலேயே இருக்கிற ஒரு நர்ஸோ, யாரையாவது பிடித்து காலையும் இரவும் சர்க்கரை அளவு பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு வாரம் லீவு போட்டு நீங்களே ஊருக்குப் போய் இருங்கள். "செத்துப் போவேன்" என்பதைப் பயமுறுத்தல் என்று ஒதுக்கவும் வேண்டாம், அதற்குப் பயந்து பொய் வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். அவர்கள் பேசத் தயாரென்றால் 14416 டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், 104-லும் பேசலாம். நீங்களும் பேசலாம், உங்களுக்கும் இது சின்னப் பாரம் இல்லை.

நீங்கள் குர்ஆன் வாசித்தவர் என்பதால் இதைச் சொல்கிறேன். லுக்மான் அத்தியாயத்தின் 15-ஆவது வசனம் பெற்றோர் உன்னை இறைவனுக்கு இணைவைக்கச் சொல்லி வற்புறுத்தினால் கீழ்ப்படியாதே என்கிறது, அதே மூச்சில் இந்த உலகத்தில் அவர்களோடு நல்ல முறையில் நடந்துகொள் என்றும் சொல்கிறது. இஸ்லாத்தின் ஆரம்ப காலத்தில் சஅத் இப்னு அபீ வக்காஸ் மாறியபோது அவருடைய தாய் மகன் திரும்பி வரும்வரை உண்ணமாட்டேன், குடிக்கமாட்டேன் என்று உட்கார்ந்த செய்தி சஹீஹ் முஸ்லிம் என்கிற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது, இந்த வசனத்தோடு சேர்த்தே அதைச் சொல்வார்கள். அபூபக்கரின் மகள் அஸ்மா, இஸ்லாத்தை ஏற்காத தன் தாய் வந்தபோது சேர்த்துக்கொள்ளலாமா என்று நபியிடம் கேட்க, சேர்த்துக்கொள் என்றார் நபி. ஆகவே "குடும்பத்தோடு உறவை முறித்தால்தான் நீ முழு முஸ்லிம்" என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் எவ்வளவு பெரிய தாடி வைத்திருந்தாலும், இந்த இரண்டையும் எடுத்துக் காட்டுங்கள்.

அம்மாவிடம் பேசும்போது ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள்: "நாங்களும் இயேசுவை மதிக்கிறோம்." புதிதாக மாறுகிற எல்லாரும் ஆறுதல் என்று நினைத்து முதலில் சொல்வது இதைத்தான். ஈஸா நபி, கன்னி மர்யமுக்குப் பிறந்தவர், 19-ஆவது அத்தியாயத்துக்கே மர்யம் என்றுதான் பெயர், எல்லாம் உண்மை. ஆனால் உபதேசியார் வீட்டில் பிறந்து, முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுத்த ஒரு டீச்சருக்கு அடுத்த வரி என்னவென்று தெரியும்: அவர் தேவகுமாரன் இல்லை, சிலுவையில் அறையப்படவும் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை நீங்கள் எதை மறுக்கிறீர்களோ அதுதான் முழு விசுவாசமும். அதைச் சின்ன வித்தியாசம் மாதிரிப் பேசினால் நீங்கள் அவர்களை ஏமாற்றுகிறீர்கள் என்றோ, உங்களுக்கே ஒன்றும் தெரியாது என்றோதான் நினைப்பார்கள். "அம்மா, இதில் நாம் இரண்டு பேரும் ஒத்துப்போக முடியாது, எனக்குத் தெரியும், உங்களுக்கு வலிக்கும் என்றும் தெரியும். ஆனால் நான் உங்கள் மகள்தான், மாதா மாதம் மாத்திரை வாங்கி அனுப்புகிறதும் நான்தான், கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருவதும் நான்தான்" என்கிற மாதிரி நேராகப் பேசுங்கள். வசனத்துக்கு வசனம் விவாதம் செய்து உங்கள் அம்மாவை ஜெயிக்க முடியாது. ஜெயித்தாலும் என்ன செய்யப்போகிறீர்கள்?

வாட்ஸ்அப் குரூப்பில் எதற்கும் பதில் போடாதீர்கள். ஜெபக்குறிப்பு என்று போட்டுவிட்டால் சேகரம் முழுக்கத் தெரிந்துவிடும், உபவாசக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கண்ணீர் விடுவார்கள், அசனத்துக்கு (சபை விருந்துக்கு) ஊருக்குப் போனால் ஓரமாகக் கூட்டிப்போய்ப் பேசுவார்கள். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் அவர்கள் அறிந்த வழியில் அன்பு காட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, "சரிங்கத்தை" என்று கேட்டுவிட்டு வாருங்கள். சபையிலிருந்து ராஜினாமா கடிதம் எழுதலாமா என்று யோசித்தால், தேவையில்லை. சந்தா கட்டுவதை நிறுத்தினால் காலப்போக்கில் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அதுவரைக்கும் சபைத் தேர்தலில் இரண்டு அணியும் உங்கள் ஓட்டுக்கு போன் செய்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

பெயர். மாற்றியே ஆக வேண்டும் என்று மார்க்கத்தில் கட்டாயம் இல்லை, தப்பான அர்த்தம் இருந்தால்தான் மாற்றச் சொல்வார்கள். வெளியிட வேண்டாம் என்றதால் உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை, ஆனால் அதைக் கேட்டு எந்த ஆலிமும் முகம் சுளிக்கமாட்டார். நீங்கள் நர்ஸ். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பி.எஸ்.சி. பட்டம், நர்சிங் கவுன்சில் பதிவு, ஆதார், பான், பாஸ்போர்ட், பி.எஃப்., அனுபவச் சான்றிதழ் எல்லாம் ஒரே பெயரில் இருப்பது பெரிய சொத்து. நாளைக்கு சவுதிக்கோ இங்கிலாந்துக்கோ போகும்போது ஒவ்வொரு காகிதமாகச் சரிபார்ப்பார்கள், ஒரு எழுத்து மாறினாலே திருப்பி அனுப்புகிற ஆட்கள் அவர்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால் தமிழ்நாடு அரசிதழில் மதமாற்றச் சான்றிதழோடு விண்ணப்பித்து, வந்த கெஜட்டை வைத்து மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றிவர வேண்டும், அது மாதக்கணக்கில் இழுக்கும். என் யோசனை: காகிதத்தில் பழைய பெயரே இருக்கட்டும், கூப்பிட யார் எப்படி வேண்டுமானாலும் கூப்பிடட்டும். உம்ரா போகும்போது கிறித்தவப் பெயரைப் பார்த்துக் கேள்வி வரும், அதற்குத்தான் ஜமாஅத் சான்றிதழ்.

எம்.ஆர்.பி.க்கு வருவோம், இதில் கொஞ்சம் கவனம் வேண்டும். உங்கள் சான்றிதழிலேயே "கிறித்தவ" என்று இருக்கிறது, அதாவது மாறிய பிறகு அந்தச் சான்றிதழ் உங்களைச் சரியாகச் சொல்லாது. தமிழ்நாட்டில் பி.சி.க்கு 26.5 சதவீதம், பி.சி. முஸ்லிம்களுக்குத் தனியாக 3.5 சதவீதம். (2007-ல் கிறித்தவர்களுக்கும் இதே மாதிரி 3.5 தனியாகக் கொடுத்தார்கள். லாபத்தைவிட நஷ்டம்தான் அதிகம் என்று அடுத்த வருடமே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.) மாறியவர்களுக்கு அந்த 3.5-ல் இடம் உண்டா என்பதில் நீண்ட நாள் குழப்பம் இருந்தது. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துவாக இருந்து இஸ்லாத்துக்கு மாறிய ஒருவர் டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் பி.சி. முஸ்லிம் ஒதுக்கீடு கேட்டதை ஏற்கவில்லை. அதற்குப் பிறகு 2024 மார்ச்சில், பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர், எஸ்.சி. பிரிவுகளிலிருந்து இஸ்லாத்துக்கு மாறுகிறவர்களை பி.சி. முஸ்லிமாகக் கருதலாம் என்று தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. எனவே வழி இருக்கிறது, ஆனால் தானாக நடக்காது. ஜமாஅத் சான்றிதழோடு தாசில்தாரிடம் புதுச் சான்றிதழ் கேட்டு வாங்க வேண்டும். விண்ணப்பத்தில் ஒரு பிரிவு, சான்றிதழ் சரிபார்ப்பில் இன்னொரு பிரிவு என்று ஆகிவிட்டால் தேர்வு எழுதிய உழைப்பே வீண். அறிவிப்பு வெளியாகி விண்ணப்பம் போட்டிருந்தால் அந்தச் சுற்று முடியும்வரை அரசுக் காகிதம் எதையும் தொடாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

அடக்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், 29 வயதில் இதை யோசிக்கிற உங்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் சண்டை நடக்கிற இடமே அதுதான். கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக வீட்டார் ஒரு பக்கம், மையவாடிக்குக் கொண்டுபோக ஜமாஅத் ஒரு பக்கம், நடுவில் இன்ஸ்பெக்டர். நீங்கள் வசிக்கிற பகுதி ஜமாஅத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள், எங்கே எப்படி அடக்கம் வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு ஒரு பிரதியை ஜமாஅத்திலும் இன்னொன்றை நம்பகமான தோழியிடமும் கொடுங்கள். வீட்டில் இதை இப்போது பேச வேண்டாம்.

கடைசியாகச் சொத்து. தம்பி சொல்வது தப்பு. உங்கள் அப்பா கிறித்தவராக, உயில் இல்லாமல் இறந்தார். அவர் சொத்துக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும். அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் வித்தியாசம் இல்லை. உங்கள் வீட்டில் அம்மா, நீங்கள், தம்பி, மூன்று பேருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. அந்தப் பங்கு அப்பா இறந்த அன்றே உங்களுக்கு வந்துவிட்டது, நாளைக்கு நீங்கள் எந்த மதத்துக்குப் போனாலும் அது திரும்பிப் போகாது. நாளைக்கு அம்மா காலத்துக்குப் பிறகும் மதத்தைக் காட்டி உங்களை விலக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை; அம்மா உயில் எழுதித் தம்பிக்கே கொடுத்தால் அது வேறு, அது அவர்கள் உரிமை. ஒரு வேடிக்கை பாருங்கள், மதம் மாறினால் சொத்துரிமை போய்விடும் என்ற பழைய வழக்கத்தை 1850-ல் கம்பெனி ஆட்சி ஒரு சட்டம் போட்டு ஒழித்தபோது, இது கிறித்தவர்களாக மாறுகிறவர்களுக்குச் சாதகமாகப் போட்ட சட்டம் என்றுதான் அன்றைக்கு எதிர்ப்பு கிளம்பியது. உங்கள் தாத்தாவுக்கு முந்தைய தலைமுறையில் யாரோ ஒருவர் ஞானஸ்நானம் எடுத்தபோது அவர் அண்ணன் தம்பியும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் இதைத் தம்பியிடம் சொல்லிக் குத்தாதீர்கள், என்னோடு இருக்கட்டும்.

விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சார்பதிவாளர் முன்னால் பதிந்துவிட்டால் அது முடிந்த கதை, "அம்மா சாப்பிடணும்னுதான் போட்டேன்" என்று பின்னால் சிவில் கோர்ட்டில் நிரூபிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. நீங்களாக விரும்பி அம்மா காலம்வரை அவர்கள் நிம்மதியாக அந்த வீட்டில் இருக்கட்டும், பங்கு பிரிக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன் என்று வாயால் சொல்லுங்கள், அது வேறு. வாரிசுச் சான்று எடுத்துவிட்டார்களா, பட்டாவில் யார் பெயர் இருக்கிறது, உங்கள் பெயர் விட்டுப்போயிருக்கிறதா என்று மட்டும் சத்தம் போடாமல் பார்த்து வையுங்கள்.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது, யாரும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். நீங்கள் அம்மாவுக்கு வாரிசு, ஆனால் மாறிய பிறகு அம்மா உங்களுக்கு வாரிசு இல்லை. முஸ்லிம் தனிச் சட்டத்தில் முஸ்லிம் அல்லாதவர் முஸ்லிமின் சொத்தில் வாரிசாக வர முடியாது. நீங்கள் திடீரென்று இல்லாமல் போனால் உங்கள் சேமிப்பு அம்மாவுக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நினைக்காதீர்கள். உயில் எழுதலாம், வாரிசு அல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் எழுத இஸ்லாமியச் சட்டமே அனுமதிக்கிறது, அதற்கு மேல் என்றால் வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போது ஹிபாவாக, அதாவது தானமாகக் கொடுப்பதற்கு இந்த மூன்றில் ஒன்று கணக்கு கிடையாது, ஆனால் கொடுத்ததை உண்மையாகவே கைமாற்றிவிட வேண்டும். பின்னால் கல்யாணம் செய்யும்போது 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் பதிந்தால் உங்கள் சொத்துக்குப் பழையபடி இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும், 30 நாள் நோட்டீஸ் காத்திருக்க வேண்டும், அதைப் பற்றி அப்போது பேசலாம்.

இப்போதைக்கு இருப்பதிலேயே சுலபமான வழி ஆயுள் காப்பீடு. 2015 திருத்தத்துக்குப் பிறகு காப்பீட்டுச் சட்டத்தின் 39-ஆவது பிரிவில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தமாகப் போய்ச்சேரும், சும்மா வாங்கி வைத்திருப்பவர் கணக்கு இல்லை. கூடப்பிறந்தவர் இந்தப் பட்டியலில் இல்லை. வேலைக்குச் சேர்ந்த வருடம் பாலிசி ஏதாவது எடுத்திருந்தால், அந்த வயதில் பெரும்பாலும் தம்பி பெயரைத்தான் போட்டிருப்பீர்கள். எடுத்துப் பாருங்கள், தம்பி என்று இருந்தால் அம்மா பெயருக்கு மாற்றிவிடுங்கள். பாலிசி வாங்கிய அலுவலகத்தில் ஒரு படிவம்தான்.